நட்பைக் கேட்ட மனிதர்

குழந்தைகளே! கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்கள் பல, இங்கே வந்து திரும்பிவிடும். தில்லிக்கும் ஐதராபாத்துக்கும் போகும் விரைவு ரயில்களோ நிற்காமல் தடதடவென்று வடக்கே பறக்கும். எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை முடிந்துவிடும். அப்புறம் கூடூர், நெல்லூர், விஜயவாடா, கம்மம் என்று ஓடி, தெலங்கானாவில் ஒரு சிறிய சந்திப்பைக் கடக்கும். அந்த ஊரின் பெயர் தோர்ணக்கல்.

இந்தத் தோர்ணக்கல்லுக்கு 1909-ஆம் ஆண்டு ஒரு தமிழர் குடும்பத்தோடு குடிபோனார். அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. அந்த ஊர்ப் பேச்சும் அவருடைய தாய்மொழி அல்ல. ஆனாலும் சாகும்வரை அந்த மக்களோடே வாழ்ந்தார். இன்றும் அந்த ஊர் மண்ணில்தான் உறங்குகிறார்.

அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராக உயர்ந்த முதல் இந்தியர். ஆனால் அவர் பெரிய பதவிக்கு வந்ததைச் சொல்வதற்காக இந்தக் கதையை எழுதவில்லை. ஒரே கடவுளைக் கும்பிடுகிறவர்கள் நிறத்தாலும் சாதியாலும் மொழியாலும் பிரிந்து நின்றபோது, அவர்களை ஒரே பந்தியில் உட்காரவைக்க அவர் பட்ட பாட்டைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளாளன்விளைச் சிறுவன்

அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூர் இருக்கிறது. பனைமரங்களும் தேரிக்காட்டுச் செம்மணலும் நிறைந்த பூமி. அங்கே 1874 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம், அந்த ஊர் ஆலயத்தின் குருவானவர். தாயின் பெயர் எலன். அசரியா பிறந்த சமூகத்தினரை அந்நாளில் பல கோவில்களுக்குள் விடமாட்டார்கள். ஒதுக்கி வைக்கப்படுவது எப்படி வலிக்கும் என்பது அவர் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

பள்ளிப் பருவத்திலேயே தந்தை காலமானார். தாய் கண்டிப்போடு வளர்த்தார். பிறகு சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். இப்போது தாம்பரத்தில் இருக்கிறதே, அதே கல்லூரிதான். அந்தக் காலத்தில் அது பாரிமுனைப் பக்கம் இருந்தது. நன்றாகப் படித்தவர்தான். ஆனால் தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டு, பட்டம் வாங்காமலே வெளியே வந்தார்.

பட்டம் இல்லையே என்று அவர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் சங்கத்தில் செயலாளர் ஆனார். தென்னிந்தியாவின் பல ஊர்களுக்கும் சென்று இளைஞர்களைச் சந்தித்தார். 1898-ல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த சிலரில் அவரும் ஒருவர்.

கண்ணுக்குத் தெரியாத சுவர்

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் சொல்கிறேன். அப்போதுதான் பின்னால் வருவது புரியும்.

ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த மிஷனரிகள் நம் நாட்டில் எத்தனையோ நல்ல காரியங்களைச் செய்தார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள். மருத்துவமனை கட்டினார்கள். கால்டுவெல், ஜி.யு. போப் போன்றவர்கள் தமிழுக்கே தொண்டு செய்தார்கள். பலர் இங்கேயே நோய்வாய்ப்பட்டு இறந்தும் போனார்கள்.

ஆனால் பல இடங்களில் வெள்ளைக்கார மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சுவர்! இருவரும் ஒரே ஆலயத்தில் ஒரே வேதத்தை வாசிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவர் பங்களாவுக்குப் போய்விடுவார். இவர் தன் குடிசைக்குப் போய்விடுவார். இவர் வீட்டுக்கு அவர் வரமாட்டார். அவர் வீட்டு மேசையில் இவருக்கு இடம் இருக்காது. சம்பளம் கொடுப்பவரும் உத்தரவு போடுபவரும் அவர். கைகட்டி நிற்பவர் இவர்.

எல்லா வெள்ளையரும் அப்படி இல்லை. அமெரிக்கரான ஷெர்வுட் எடி, அசரியாவுக்கு உயிர் நண்பர். சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் அவரைத் தன் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தினார். அதனால்தான் அசரியாவுக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. இந்தச் சுவர் கடவுள் கட்டியது அல்ல, மனிதர்கள் மனது வைத்தால் இடிக்கலாம் என்பதே அது.

யாழ்ப்பாணத்தில் கிடைத்த பாடம்

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியிடங்களுக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த அசரியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திருநெல்வேலியில் எவ்வளவு பெரிய சபை இருக்கிறது! நாம் மட்டும் ஏன் வெளிநாட்டார் கையை எதிர்பார்க்க வேண்டும் என்று நினைத்தார்.

ஊருக்குத் திரும்பினார். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணமும் நம்முடையது, ஆட்களும் நம்மவர்கள், நிர்வாகமும் நம் கையில் என்பதுதான் அதன் கொள்கை. கைகட்டி நின்றவர்கள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கிய நாள் அது. இந்தச் சங்கம் தன் முதல் ஊழியரை எங்கே அனுப்பியது தெரியுமா? நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்குப் பகுதிக்கு. அங்கேதான் தோர்ணக்கல் இருந்தது.

1905 கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்தின் செராம்பூரில், இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனரி சங்கமும் தொடங்கியது. அதற்கும் முன்னின்றவர் அசரியா.

பிறரைப் போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் சென்னையில் வசதியாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. 1909-ல் வாலிபர் சங்க வேலையை விட்டார். குருவானவராக அபிஷேகம் பெற்றார். மனைவி மக்களோடு தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 35.

எடின்பரோவில் ஓர் உரை

அடுத்த ஆண்டு, 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள். அதில் ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை! அந்தச் சிலரில் அசரியாவும் ஒருவர்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தியா ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்டிருந்தது. அமெரிக்காவில் பல இடங்களில் வெள்ளையருக்கு ஒரு தேவாலயம், கறுப்பருக்கு வேறொரு தேவாலயம். அதே 1910-ல்தான் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆதிக்கத்தில் புதிய ஒன்றியம் உருவானது. இப்படிப்பட்ட நேரத்தில் அடிமை நாட்டிலிருந்து போன ஓர் இளைஞர், ஆளும் இனத்தாரின் முகத்துக்கு நேரே அவர்கள் குறையைச் சொல்வதென்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அசரியா மேடை ஏறினார். மிஷனரிகள் செய்த தியாகத்தை அவர் மறைக்கவில்லை. அவர்கள் பசித்தவருக்குச் சோறு போட்டதையும், உயிரையே கொடுத்ததையும் இந்தியச் சபை என்றும் நன்றியோடு நினைக்கும் என்றார். ஆனால் இத்தனையும் கொடுத்த அவர்கள் அன்போடு பழகத் தவறிவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இந்திய ஊழியரின் வீட்டுக்குப் போகாத, அவரைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைக்காத மிஷனரிகள் இருப்பதை எடுத்துக்காட்டினார். எஜமானாக இருந்து உதவுவது வேறு, நண்பனாகக் கூட இருப்பது வேறு என்பதை விளக்கினார். பணமும் தியாகமும் வந்து சேர்ந்துவிட்டன, இனி எங்களுக்கு வேண்டியவர்கள் நண்பர்கள் என்ற வேண்டுகோளுடன் உரையை முடித்தார்.

கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வந்தது. அவர் மிகைப்படுத்திப் பேசுவதாகக் குறை சொன்னார்கள். வேறு சிலரோ, யாராவது ஒருவர் சொல்லியே தீரவேண்டிய உண்மை இது என்று பாராட்டினார்கள். அந்த மாநாட்டில் எத்தனையோ பெரிய தலைவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். அவற்றில் பலவற்றை உலகம் மறந்துவிட்டது. அசரியாவின் சின்ன உரையை மறக்கவில்லை.

அவருக்கு வந்த சோதனை

1912 டிசம்பர் 29-ஆம் தேதி, கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். இது எளிதாக நடந்துவிடவில்லை. ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியர் எப்படி வேலை செய்வது என்று சில வெள்ளையர்கள் எதிர்த்தார்கள். அவருடைய சாதியைக் காட்டி எதிர்த்த இந்தியக் கிறிஸ்தவர்களும் உண்டு. நிறம் பார்த்தவர்களும் சாதி பார்த்தவர்களும் ஒரே பக்கம் நின்றதைக் கவனித்தீர்களா?

இன்னொரு பயமும் இருந்தது. ஆப்பிரிக்காவில் சாமுவேல் கிரௌதர் என்பவர், சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு மீண்டவர். 1864-ல் அவரைப் பேராயர் ஆக்கினார்கள். கடைசிக் காலத்தில் வெள்ளையர்களே அவரை அவமானப்படுத்தி, அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1891-ல் அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு ஓர் ஐரோப்பியரை அமர்த்தினார்கள். தோர்ணக்கல்லில் அசரியா சறுக்கினால், இந்தியருக்கும் கதவு அடைபட்டுவிடும் நிலை. ஒருவர் தோளில் ஒரு தேசத்தின் மானமே இருந்தது!

ஆனால் குழந்தைகளே, உண்மையான சோதனை வெள்ளைக்காரர்களிடமிருந்து வரவில்லை. தோர்ணக்கல் கிராமங்களில்தான் காத்திருந்தது.

அந்த மக்களுக்கு அசரியாவும் ஒரு வெளியூர்க்காரர்தானே? எடின்பரோவில் வெள்ளையரிடம் நட்புக் கேட்டவர், இங்கே தெலுங்கு ஏழைகளிடம் எப்படி நடந்துகொள்ளப் போகிறார்? அவரும் ஒரு பங்களா கட்டிக்கொண்டு, தமிழ்ப் படிப்பாளி என்ற பெருமையோடு தள்ளி நின்றிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அசரியா அப்படிச் செய்யவில்லை. முதலில் தெலுங்கு கற்றுக்கொண்டார். அவர்கள் மொழியிலேயே போதித்தார். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அங்கே மாலா, மாதிகா என்று இரண்டு சமூகத்தார் இருந்தார்கள். இருவருமே ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். இதில் வேதனை என்னவென்றால், அந்த இரு சாராரும் ஒருவரை ஒருவர் ஒதுக்கினார்கள்! ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கமாட்டார்கள். ஒரே பந்தியில் சாப்பிடமாட்டார்கள். கிறிஸ்தவர்களான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இதில் அசரியா விட்டுக்கொடுக்கவே இல்லை. சபைக்குள் சாதி கூடாது என்றார். விடுதிப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் ஒன்றாக வேலை செய்யவும் வைத்தார். திருவிருந்தில் எல்லோருக்கும் ஒரே கிண்ணம். ஊழியப் பயிற்சிக்கு வந்த ஆண்களோடு அவர்கள் மனைவிமாரும் வந்து படித்தார்கள். அந்தப் பெண்களுக்கு எழுத்தறிவும் சுகாதாரமும் கற்பிப்பதில் அன்பு மரியம்மாள் தோள் கொடுத்தார்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முணுமுணுத்தவர்கள் உண்டு. விலகிப் போனவர்களும் உண்டு. ஆனாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பேராயம் வளர்ந்தது. அவருடைய கடைசிக் காலத்தில் அங்கே கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அவர் தலைமையின் கீழ் ஐரோப்பிய மிஷனரிகள் வேலை செய்தார்கள். அவர்களை அவர் பழிவாங்கவில்லை. நண்பர்களாகவே நடத்தினார்.

தூணும் மினாரும் கொண்ட ஆலயம்

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். இங்கிலாந்து தேவாலயத்தைப் போல ஊசிக் கோபுரம் அங்கே இல்லை. நம் கோவில் மண்டபங்களில் இருப்பது போன்ற தூண்கள் இருக்கின்றன. மசூதியை நினைவூட்டும் குவிமாடமும் மினார்களும் இருக்கின்றன. தாமரை மலர்ச் சிற்பமும் உண்டு. நடுவே சிலுவை. கிறிஸ்தவராவதற்கு வெள்ளைக்காரராக மாறத் தேவையில்லை, இந்த மண்ணின் அழகோடே கடவுளை வணங்கலாம் என்பதைக் கல்லிலேயே காட்டிவிட்டார். நிதானமாகப் பல ஆண்டுகள் கட்டி, 1939 ஜனவரி 6-ஆம் தேதி அர்ப்பணித்தார்கள்.

பல சபைகள், ஒரு வீடு

இன்னொரு பிரிவினையும் அவரை வருத்தியது. திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகள் பணியாற்றினார்கள். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபை. மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன். ஒருவர் எந்த ஊரில் பிறந்தாரோ, அந்த ஊருக்கு எந்த மிஷன் வந்ததோ, அந்தச் சபையார் ஆகிவிடுவார்! ஐரோப்பாவில் என்றோ நடந்த சண்டைகளுக்காகத் தமிழர்கள் ஏன் இங்கே பிரிந்து நிற்கவேண்டும் என்று அசரியா கேட்டார்.

1919 மே மாதம் 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் ஊழியர்கள் கூடினார்கள். 1706-ல் சீகன்பால்கு கப்பலில் வந்து இறங்கிய அதே கடற்கரை ஊர். கூடியவர்கள் 33 பேர்தான். பெரும்பாலும் இந்தியர்கள். அசரியா தலைமை தாங்கினார். சபைகள் ஒன்றாக இணையவேண்டும் என்று அங்கே அறிக்கை வெளியிட்டார்கள். அதன்பின் பேச்சுவார்த்தை எத்தனை ஆண்டு நடந்தது தெரியுமா? 28 ஆண்டு! இவர் இறங்கி வந்தால் அவர் முறுக்கிக்கொள்வார், அவர் சரி என்றால் இவர் சந்தேகப்படுவார். அசரியா பொறுமை இழக்கவில்லை.

நாட்டு விஷயத்திலும் அவர் அப்படித்தான். கிறிஸ்தவர்களுக்கென்று தனித் தொகுதி வேண்டாம், தேச மக்களோடு ஒன்றாகவே இருப்போம் என்பது அவர் கருத்து. மதமாற்றம் பற்றிய விஷயத்தில் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அதை ஒளிக்காமல் பேசினார்கள்.

1938 டிசம்பரில் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். எடின்பரோவில் இருபது பேர்கூட இல்லை என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? 28 ஆண்டுகளில் எவ்வளவு மாற்றம் பாருங்கள்! அந்த நேரத்தில் ஜப்பானும் சீனாவும் கடும்போர் செய்துகொண்டிருந்தன. ஆனால் தாம்பரத்தில் ஜப்பானியரும் சீனரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தார்கள். இந்திய தேசியக் கிறிஸ்தவப் பேரவையின் தலைவராக அவர்களை வரவேற்றவர்களில் முக்கியமானவர் அசரியா.

1945 ஜனவரி 1-ஆம் தேதி, தோர்ணக்கல்லில் அவர் காலமானார். சபைகள் இணைந்ததை அவர் கண்ணால் பார்க்கவில்லை. இந்தியா விடுதலை பெற்ற அடுத்த மாதம், 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. அந்த ஆலயம் கதீட்ரல் சாலையில் இன்றும் இருக்கிறது. தனித்தனியாக இருந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் ஒரே வீடாயின. சி.எஸ்.ஐ. என்ற எழுத்துகளைப் பள்ளிக்கூடப் பலகைகளில் பார்த்திருப்பீர்களே, அது இதுதான்.

நாம் செய்யவேண்டியது

அப்படியானால் அசரியா தொடங்கிய வேலை முடிந்துவிட்டதா? இல்லை, குழந்தைகளே. தமிழ்நாட்டிலேயே சில ஊர்களில் ஒரே சபையைச் சேர்ந்தவர்களுக்குச் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டம் தனித்தனியாக இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களை மட்டுமல்ல, இறந்தவர்களையும் பிரித்து வைக்கிறோம். இது எந்த மதத்தாருக்கும் பெருமை தராது.

நம் ஊரையே பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. இலங்கையிலிருந்து உயிர் பிழைத்து வந்த தமிழர்களும் கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம்.

அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இந்திக்காரன் என்று கூப்பிடுகிறோமா? தமிழைத் தப்பாகப் பேசினால் சிரிக்கிறோமா? மதிய உணவுக்கு உட்காரும்போது அந்தப் பிள்ளை மட்டும் வரிசையின் ஓரத்தில் தனியாக உட்காருகிறதா? அப்படியானால் அசரியா எடின்பரோவில் சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவர் உங்கள் வகுப்பறையிலும் இருக்கிறது.

பெரியவர்கள் நம்மை மதிக்கவேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அது பாதி வேலை. நம்மைவிடப் பலம் குறைந்தவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது மீதிப் பாதி. அசரியா தனக்கு மேலே இருந்தவர்களிடம் நட்பைக் கேட்டார். கீழே இருப்பதாக உலகம் நினைத்தவர்களுக்கு அதே நட்பைக் கொடுத்தார். இரண்டையும் செய்ததால்தான் அவர் பெரிய மனிதர்.

நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு என்ன சொல், சோற்றுக்கு என்ன சொல் என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். செய்வீர்கள்தானே?